சாட்சியும் நாணயமும்: தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரின் அன்றாட வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ வாழ்வு பிறருக்குச் சாட்சியாக அமைய வேண்டும் என்பது திருச்சபையின் தொன்மையான போதனை. அச்சாட்சி நிறைவேறியதா என்பதை யார், எதைக் கொண்டு அறிவது என்னும் வினா தமிழ்க் கிறித்தவ ஆய்வுகளில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூரில் வாழ்ந்த கிறிஸ்டியான் பிரடெரிக் சுவார்ட்ஸின் வாழ்க்கையிலிருந்து சில நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, மதம் மாறாத மக்கள் அவர்மீது வைத்த நம்பிக்கையையே சான்றாக வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. அந்நம்பிக்கை எவ்வாறு அரசியலுக்குப் பயன்படுத்தப்பட்டது, சபைக்குள் சாதியின் முன் எங்கே நின்றுபோயிற்று என்பனவும் இதில் பேசப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சாட்சி, நாணயம், சுவார்ட்ஸ் ஐயர், தஞ்சை மராத்தியர், இரண்டாம் சரபோஜி, தமிழ்ச் சீர்திருத்தச் சபை, சாதி.

முன்னுரை

சாட்சி என்னும் வடசொல் ‘கண்ணோடு கூடியவன்’, அதாவது நேரில் கண்டவன் என்னும் பொருளை அடியாகக் கொண்டது. தமிழில் இப்பொருளுக்குக் கரி என்னும் பழஞ்சொல் வழங்கியது. திருக்குறளிலும் அது இப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. சான்று என்னும் சொல்லோ ‘சால்’ என்னும் வேரிலிருந்து, நிறைதல், அமைதல் என்னும் கருத்தோடு பிறந்தது. சான்றோர், சான்றாண்மை என்பனவும் அவ்வேரின் கிளைகளே. எனவே தமிழில் சான்று கூறுவதும் சான்றோராக இருப்பதும் சொல்லளவிலேயே உறவுடையன. விவிலிய மொழிபெயர்ப்புகளில் சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் பதிப்பு ‘சாட்சி’ என்னும் சொல்லை ஆள, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘சான்று’ என்பதை ஆள்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘மார்த்துஸ்’ என்னும் சொல் முதலில் நீதிமன்றச் சாட்சியையே குறித்தது. விசுவாசத்திற்காக உயிர் கொடுத்தவரைக் குறிக்கும் பொருள் அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது. அப்பொருளைத் தமிழில் சீர்திருத்தச் சபையார் இரத்தசாட்சி என்றும், கத்தோலிக்கர் வேதசாட்சி, மறைசாட்சி என்றும் வழங்குவர்.

இரத்தம் சிந்தும் சாட்சி அரிது. அன்றாடம் உண்டு, உடுத்து, கொடுத்து, வாங்கி வாழும் வாழ்வே சாட்சியாக வேண்டும் என்பதே பெரும்பாலோருக்கு உரிய கட்டளை. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவும் பேதுருவின் முதல் திருமுகமும் இதை வற்புறுத்துகின்றன. பேதுருவின் திருமுகம், வாய்ச்சொல் இன்றி நடத்தையாலேயே பிறர் மனத்தை வெல்லலாம் என்று கருதும் அளவுக்குச் செல்கிறது. ஆயினும் தமிழ்ச் சபைகளின் வழக்கில் ‘சாட்சி சொல்லுதல்’ என்பது ஒருவர் எழுந்து நின்று தம் அனுபவத்தைத் தாமே எடுத்துரைப்பதைக் குறிக்கலாயிற்று. இங்கே ஒரு சிக்கல் உள்ளது. வழக்காடுவோர் இருவருக்கும் புறத்தே நிற்கும் மூன்றாமவரே சாட்சி. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்னும் பழமொழியும் அப்புறநிலையை வைத்தே பிறந்தது. தன் வழக்குக்குத் தானே சொல்லும் சாட்சிக்கு வலிமை குறைவு. ஆகவே, ஒருவருடைய அன்றாட வாழ்வு சாட்சியாயிற்றா என்பதை அவ்வாழ்வால் பயனோ பாதிப்போ அடைந்த பிறர் வாயிலாகவே ஆராய வேண்டும்.

தரவுகளும் அவற்றின் இயல்பும்

சுவார்ட்ஸ் 1726இல் பிரான்டன்பர்க் பகுதியின் சோனன்பர்கில் பிறந்தவர். ஹாலே நகரில் பயின்றபோது, சென்னையிலிருந்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ச்சவிடம் தமிழ் கற்றார். கோபன்கேகனில் குருப்பட்டம் பெற்று 1750இல் தரங்கம்பாடி வந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் பணியாற்றி 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். இடையில் ஒரு முறையேனும் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை.

அவரைப் பற்றிய செய்திகளுக்கு ஹாலே அறிக்கைகளும் கடிதங்களும், அவற்றைத் தொகுத்து 1834இல் ஹியூ பியர்சன் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும் முதன்மைத் தரவுகள். இவை யாவும் மறைப்பணியை ஆதரித்தோர் எழுதியவை என்பதை மறக்கலாகாது. இவற்றுள் 1794இல் சுவார்ட்ஸ் எழுதிய நீண்ட கடிதம் தனிக் கவனத்திற்கு உரியது. அது பிறந்த சூழல் சுவையானது.

1793இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட இருந்தபோது, மறைப்பணியாளர்களை இந்தியாவுக்கு அனுப்பலாமா என்பது பற்றி இலண்டன் நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. சென்னையில் பணியாற்றித் திரும்பிய மான்ட்கோமரி கேம்பல் என்பவர் அதை எதிர்த்தார். சுவார்ட்ஸ் நல்லவரே, ஆனால் அவரைப் பின்பற்றியோர் ஒழுக்கம் கெட்டவர்கள் என்றார். திருட்டின் தீமையைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பிரசங்கித்துக்கொண்டிருக்க, கழற்றி வைத்த கழுத்துப்பட்டையையும் அதன் பொன் கொக்கியையும் கேட்டுக்கொண்டிருந்த சபையாரில் ஒருவரே திருடிவிட்டார் என்று எடுத்துக்காட்டும் தந்தார். கேட்டோர் நகைத்திருக்கலாம். வாதத்தின் கூர்மை வேறிடத்தில் இருந்தது. போதகரின் வாழ்வு எத்தகையதாயினும் சபையின் அன்றாட வாழ்வு பொய்த்துவிட்டால் சாட்சி இல்லை என்பதே அக்குற்றச்சாட்டு.

இதைச் செய்தித்தாளில் கண்ட சுவார்ட்ஸ், தம்மை ஆதரித்த இலண்டனின் கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்திற்குப் பதில் எழுதினார். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து தஞ்சைக்கு வரும் வழியில் பூதலூரில் கழுத்துப்பட்டையைக் கழற்றி மணல்மேட்டில் வைத்தது உண்மை. துணிமூட்டை சுமந்து வந்தவரைத் தேடிச் சற்று நகர்ந்தபோது சிறுவர்கள் அதை எடுத்துச் சென்றதும் உண்மை. ஆனால் அவ்வூரில் ஒரு கிறித்தவக் குடும்பமும் இல்லை, அப்போது பிரசங்கமும் நடக்கவில்லை என்று விளக்கினார். ஊரார் அச்சிறுவர்களைத் தண்டிக்கச் சொன்னபோது, இழந்த பொருள் அவ்வளவுக்குத் தகுதியற்றது என்று தாம் மறுத்ததையும் குறித்தார். அவ்வூர் மக்களைப் பற்றி அக்கடிதம் கூறும் பிற சொற்கள் அக்கால ஐரோப்பியரின் சாதிமுத்திரைகளே. அவற்றைத் தரவாகக் கொள்ளுதல் தகாது.

அதே கடிதத்தில், கேட்கப்படாமலேயே வேறு சில நிகழ்வுகளையும் அவர் எழுதினார். தஞ்சைக் கோட்டைக்கு நெல் வந்த கதையும், ஊரைவிட்டுப் போன உழவர் திரும்பிய கதையும் அவ்வாறு பதிவானவையே. அவை தற்காப்புக்காக எழுதப்பட்டவை என்னும் எச்சரிக்கையோடு அவற்றைப் படிக்க வேண்டும். எனினும் கம்பெனி அலுவலர் பலர் உயிரோடிருந்து மறுக்கக்கூடிய காலத்தில், அச்சிடப்படும் என்று அறிந்தே எழுதப்பட்டவை என்பதும் கருதத்தக்கது.

நெல்லும் காளையும்

1780இல் ஐதர் அலி கருநாடகச் சமவெளிக்குள் படையெடுத்தார். தஞ்சை நாடு சூறையாடப்பட்டது, பாசனம் குலைந்தது, பஞ்சம் சூழ்ந்தது. கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் பசியால் சுருண்டு விழுந்தனர். ஒவ்வொரு நாள் காலையிலும் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது; அதைக் கொண்டுவரக் காளைகள் தேவைப்பட்டன. கம்பெனி கேட்டது, மன்னர் துளஜாஜி கேட்டார். உழவர் எவரும் காளை தரவில்லை. முன்னர் வாங்கிய பொருளுக்கு விலை கொடுபடாத அனுபவம் அவர்களுக்கு இருந்தது. படைக்கு உதவிய உழவன் காளையையும் இழந்து கூலியையும் இழப்பான் என்பதே அந்நாளைய நடைமுறை.

இந்நிலையில் மன்னர், நீங்களும் நானும் எல்லாருமே நாணயம் இழந்துவிட்டோம், மக்கள் சுவார்ட்ஸையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்னும் கருத்துப்படக் கூறி, மக்களோடு தக்கபடி உடன்பாடு செய்துகொள்ள அதிகாரமளித்து ஒரு வெற்றுத்தாளை அனுப்பினார் என்கிறது கடிதம். ஓர் அரசு தன் கையொப்பத்தின் மதிப்பைத் துறந்து இன்னொருவர் வாக்கின் மதிப்பைக் கடன் கேட்ட ஆவணம் அந்த வெற்றுத்தாள். தஞ்சை மராத்தியர் வரலாற்றில் இதனைப் போன்ற ஒப்புதல் மிக அரிது.

சுவார்ட்ஸ் எல்லாத் திசைகளுக்கும் ஓலை அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே கூலி கொடுப்பதாகவும், பகைவர் கைப்பற்றும் காளைக்கு ஈடு தருவதாகவும் உறுதி கூறினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட காளைகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறித்தவர்களும் உயிருக்கு அஞ்சாமல் நாட்டுப்புறம் சென்று, குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் சேர்த்தனர். எல்லாம் முடிந்தபின், தம் கையிருப்பு போதாமல் பிறர் தம்மிடம் வைத்திருந்த பணத்தையும் சேர்த்து, சொன்னபடி கூலி கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து உழவரை அனுப்பினார். மறு ஆண்டு கர்னல் பிரெய்த்வெயிட்டின் படைப்பிரிவு முழுவதும் சிறைப்பட்டபின் கோட்டை மீண்டும் அதே நிலைக்கு உள்ளானபோது, அழைத்தவுடன் உழவர் காளைகளோடு வந்தனர்.

இந்நிகழ்வில் மூன்று செய்திகள் உற்றுநோக்கத் தக்கன. முதலாவது, இரண்டாம் அழைப்பு. முதல் முறை வந்ததற்கு அச்சமோ நெருக்கடியோ காரணமாகலாம். இரண்டாம் முறை வந்ததற்குக் காரணம் முதல் முறை கொடுபட்ட கூலி ஒன்றே. சாட்சி என்பது ஒரு கணத்தில் தோன்றும் வியப்பாக இல்லாமல், மீண்டும் வந்து சோதித்து உறுதிசெய்யப்படும் ஒன்றாக இங்கே விளங்குகிறது. தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் வாக்குத் தவறாமையையும் ஒருசேரக் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். சுவார்ட்ஸின் சாட்சியோ அவ்விரு பொருளும் சந்திக்கும் இடத்திலேயே நிகழ்ந்தது.

இரண்டாவது, பிறருடைய பணம். அதனை எடுத்துக் கொடுத்தது அறமா என்று கேட்கலாம். அவரே மறைக்காமல் எழுதியிருப்பதால், அது தமக்கே உறுத்திய செய்தி என்று கொள்ள இடமுண்டு.

மூன்றாவது, பெயர்கள். உயிரைப் பணயம் வைத்து வயற்புறம் சென்றவர்களின் பெயரைக் கடிதம் தரவில்லை. கேம்பல் பழித்த அதே சபையாரே அவர்கள். சபையின் நடத்தைக்கு ஆதாரம் கேட்டவருக்கு அதைவிட வலிய விடை வேறில்லை. எனினும் அவ்விடையைப் பெயரோடு எழுதும் வழக்கம் அன்றைய கடிதங்களில் இல்லாமற்போயிற்று. தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் அன்றாடச் சாட்சியின் பெரும்பகுதி இவ்வாறு ‘ஓர் உபதேசியார்’ என்னும் இரு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

போர் ஓய்ந்தபின் வந்த நிகழ்வும் இதனோடு ஒத்ததே. வரிக்கொடுமை தாங்காமல் உழவர் திரள்திரளாகத் தஞ்சை நாட்டை விட்டு வெளியேறினர். திரும்ப அழைத்த அரசின் சொல்லை அவர்கள் கேட்கவில்லை. சுவார்ட்ஸ் இடைநின்று நீதி வழங்கப்படும் என்று உறுதி கூறியபின் முதலில் 7,000 பேர் திரும்பினர், ஏனையோர் பின்தொடர்ந்தனர். பயிர்செய்யும் பருவம் ஏறக்குறையக் கழிந்துவிட்டதே என்று அவர் கவலைப்பட்டபோது, இரவும் பகலும் உழைத்து அவர் அன்புக்குக் கைம்மாறு செய்வோம் என்று அவர்கள் விடை கூறினராம். இம்மக்களில் ஞானஸ்நானம் பெற்றோர் எத்தனை பேர் என்று கடிதம் கணக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. மறைப்பணி அறிக்கைகளின் பொதுவான போக்கை அறிந்தோர்க்கு இம்மௌனத்தின் அருமை விளங்கும்.

எளிமையின் அன்றாடம்

இத்தகைய நம்பிக்கை ஒரு நாளில் விளைவதன்று. திருச்சியில் அவர் வாழ்ந்த நாள்களைப் பற்றி வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. பழைய கட்டடம் ஒன்றில் படுக்கையும் அவரும் கொள்ளும் அளவே ஆன அறை. நாட்டார் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். கறுப்புச் சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தியாடை. இவற்றைத் துறவின் அடையாளமாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. முகவாட்டமுள்ள கடுந்துறவி ஒருவரை எதிர்பார்த்துச் சென்ற சேம்பர்ஸ் மலர்ந்த முகமும் கலகலப்பான பேச்சும் உடையவரைக் கண்டு வியந்ததாகவே குறிப்பு கூறுகிறது.

அவர் தமிழில் பேசினார்; தஞ்சை அரண்மனைக்காக மராத்தியும், இசுலாமியரோடு உரையாடப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். வீட்டில் பிள்ளைகளை வளர்த்தார். உடன்பணியாளரின் மகன் ஜான் காஸ்பர் கோலாப் அவர் கையில் வளர்ந்து பின்னர் அவருக்கே உதவியாளரானார். பாளையங்கோட்டையிலிருந்து 1785 அளவில் அழைத்து வரப்பட்ட சிறுவன் வேதநாயகம், பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் ஆனார்.

இவ்வாழ்வுக்கு எதிர்ச்சாட்சியும் அவர் கண்முன்னே இருந்தது. அது அவருடைய சொந்த இனத்தாரின் வாழ்வு. பாவத்தில் நிலைப்போர் மோட்சம் புக மாட்டார் என்று அவர் ஒரு நட்டுவனாரிடம் கூற, உடனிருந்த அவருடைய மாணவி, அப்படியானால் ஐரோப்பியர் எவருமே அங்கே போக முடியாது போலும் என்று கூறிவிட்டுப் போனதை அவரே பதிவுசெய்தார். ஆழ்ந்த இறையியல் நூல்கள் செய்ய இயலாத திறனாய்வை அப்பெண்ணின் ஒரு வாக்கியம் செய்துவிட்டது. ஒரு சமயத்தை அதன் நூலைக் கொண்டு மதிப்பிடும் வாய்ப்பு அக்காலத் தஞ்சை மக்களுக்குக் குறைவு. கோட்டைச் சிப்பாயையும் வரி அதிகாரியையும் கொண்டே அவர்கள் அதை மதிப்பிட்டனர்.

தூதும் முந்நூறு ரூபாயும்

நெல் கொண்டுவந்ததற்கு முந்தியது, 1779ஆம் ஆண்டின் தூது. சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்ட், ஐதர் அலியின் மனப்போக்கை அறிந்து, கம்பெனி அமைதியையே நாடுகிறது என்று அவரிடம் உறுதி கூறுமாறு சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பினார். ஐதர் அலி கம்பெனியின் பிற தூதர்களை நம்பவில்லை என்றும், அந்தக் கிறித்தவரை அனுப்புங்கள், அவர் ஏமாற்ற மாட்டார் என்று கேட்டார் என்றும் மறைப்பணி வரலாறுகள் கூறும். அச்சொற்கள் அவ்வாறே கூறப்பட்டனவா என்பது ஒருபுறம் இருக்க, அவரைத் தகுதியுடன் வரவேற்று, தலைநகரில் யாரோடும் தடையின்றிச் சமயம் பேச இடமளித்ததும், பின்னர்ப் போர் மூண்டபோது அவருக்கு எவ்வித இடையூறும் செய்யலாகாது என்று தம் படையினருக்கு ஆணையிட்டதும் ஐதர் வைத்த மதிப்பைக் காட்டும்.

புறப்படும்போது வழிச்செலவுக்கென ஐதர் 300 ரூபாய் கொடுத்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்று பெற்றுக்கொண்ட சுவார்ட்ஸ், சென்னை வந்ததும் அதை அரசிடம் ஒப்படைத்தார். அரசு அதை அவரே வைத்துக்கொள்ளச் சொல்ல, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றின் நிதிக்கு அதை முதலாக்கினார். தமக்கென எதையும் பெறாத இச்செயல் பலராலும் போற்றப்பட்டுள்ளது.

போற்றியோர் கடந்து சென்ற ஒன்றும் உண்டு. சுவார்ட்ஸ் அமைதிச் செய்தியோடு பயணம் செய்துகொண்டிருந்த அதே ஆண்டில்தான், தம் பாதுகாப்பில் உள்ளது என்று ஐதர் அறிவித்திருந்த மாஹே துறைமுகத்தைக் கம்பெனி கைப்பற்றியது. ஐதர் தம் விடையில் கம்பெனியின் வாக்குமீறல்களை அடுக்கிக் காட்டினார். மறு ஆண்டு போர் மூண்டது. ஏமாற்றாதவர் என்று நம்பப்பட்டவர், ஏமாற்றும் எண்ணமுடையோரின் சொல்லைச் சுமந்து சென்றிருந்தார். அவர் அறிந்து செய்ததாகக் கொள்ளச் சான்றில்லை. எனினும் ஒருவரது அன்றாட வாழ்வு ஈட்டிய நாணயத்தை, அது இல்லாதவர் எளிதாகக் கடன் வாங்கிச் செலவிட முடியும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. துளஜாஜியின் வெற்றுத்தாளும் ரம்போல்டின் தூதும் ஒரே நாணயத்தை நாடின. முன்னதில் கடன் உழவர் கையில் திருப்பிக் கொடுபட்டது. பின்னதில் கொடுபடவே இல்லை.

சரபோஜியின் சான்று

1787இல் இறக்கும் தறுவாயில் துளஜாஜி, தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் விட விரும்பினார். சுவார்ட்ஸ் தயங்கி, மன்னரின் உடன்பிறப்பான அமர்சிங்கின் பொறுப்பில் விடுமாறு கூறினார். அது தவறான அறிவுரையாக முடிந்தது. தத்து செல்லாது என்று தீர்ப்பாகி அமர்சிங் அரியணை ஏற, சிறுவன் கல்வியின்றி அடைபட்டுக் கிடந்தான். பின்னர் அவனைக் காக்கும் பொறுப்பைச் சுவார்ட்ஸ் ஏற்று, 1793இல் சென்னைக்கு அழைத்துச் செல்லவும், அங்கே கெரிக்கே ஐயரிடம் கல்வி பெறவும் வழிசெய்தார். தத்து செல்லும் என்று கம்பெனி தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1798 ஜூனில் சரபோஜி அரியணை ஏறியபோது சுவார்ட்ஸ் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

சரபோஜி கிறித்தவர் ஆகவில்லை. 1803இல் தம் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் மராத்தியில் பொறித்தவர் அவர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர். அவரே இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்து, சிவகங்கைப் பூங்காவை அடுத்துச் சுவார்ட்ஸ் கட்டிய ஆலயத்தில் வைத்தார். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை இளம் மன்னர் பற்றி நிற்க, அருகில் கெரிக்கேயும் பள்ளிச் சிறுவரும் நிற்பதாக அமைந்த சிற்பம் அது. கல்லறைக் கல்லில் தாமே இயற்றிய ஆங்கிலச் செய்யுளையும் பொறித்தார். அதில் சுவார்ட்ஸைத் தந்தையாகவும் தம்மை அவருக்கு உரியவராகவும் கூறிக்கொண்டார்.

கிழக்கிந்தியக் கம்பெனியும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மரியன்னை ஆலயத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது. அதைக் கம்பெனி தன் நலனுக்கு உதவியவருக்குச் செய்த மரியாதையாகவும் கொள்ளலாம். சரபோஜியின் கல்லுக்கும் அரசியல் உண்டென்று வாதிடலாம். கம்பெனியின் தயவால் அரியணை பெற்றவர் ஐரோப்பியருக்கு உகந்த முறையில் நன்றி காட்டியிருக்கலாம். ஆயினும் அரியணை கிடைத்து ஆண்டுகள் கழிந்தபின்னும், கேட்பார் இல்லாதபோதும் சபையின் ஏழைகளுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் தொடர்ந்து உதவியதை அவ்வாதம் விளக்குவதில்லை. மதம் மாற்றுதலே சாட்சியின் பயன் என்று கொண்டால், சரபோஜி ஒரு தோல்வி. சாட்சி என்பது உண்மையென அறியப்படுதல் என்று கொண்டால், தஞ்சையில் அதற்கு இவரைவிட உறுதியான கரி இல்லை. தம் சமயத்தில் நின்றபடியே கூறியதால் அச்சான்றின் மதிப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

ஆலயத்துக்குள்ளே

உழவரும் மன்னரும் பகை வேந்தரும் தந்த சான்று ஆலயத்துக்குப் புறத்தே கிடைத்தது. அகத்தே நிலைமை வேறு. தஞ்சைச் சபையில் வேளாளரும் பறையரும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனிப் பக்கங்களில் அமர்ந்தனர். நற்கருணை பெறுவதிலும் முன்பின் வரிசை இருந்தது. சுவார்ட்ஸ் இதைக் கண்டித்து ஒழிக்க முற்படவில்லை. அறிவுரையாலும் காலத்தாலும் அது தேயும் என்று அவர் தலைமுறையின் ஹாலே மறைப்பணியாளர் எண்ணினர்.

1794ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே இதன் சுவடு உண்டு. பறையரே கிறித்தவராகின்றனர் என்னும் கேம்பலின் இழிவுரைக்கு அவர் அளித்த விடை, தஞ்சை ஆலயத்துக்கு வந்து பார்த்திருந்தால் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் உயர்சாதியினர் என்பதைக் கண்டிருப்பார் என்பதே. பறையர் கிறித்தவரானதில் இழிவு என்ன என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கோட்டைக்கு நெல் சுமந்தவர் யார் என்று அடுத்த பக்கங்களில் எழுதவிருந்தவர், எதிரியின் அளவுகோலையே வாங்கிக்கொண்டு விடையளித்தார். அக்கடிதத்தின் மிகப் பலவீனமான இடம் இதுவே.

அவர் விட்டுச்சென்ற வினா அடுத்த தலைமுறையில் வெடித்தது. டென்னிஸ் ஹட்சன் 2000இல் வெளியிட்ட தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தோற்றம் பற்றிய நூலில் இப்பூசல் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இளம் மறைப்பணியாளர்கள் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்டபோது, சுவார்ட்ஸின் வீட்டில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரே அதை எதிர்த்து எழுதினார். வேதமொழிபெயர்ப்பை மாற்றியதும், விழாக்களில் மலர்களை விலக்கியதும், தமிழிசையைக் குலைத்ததும் போலவே சாதி வழக்கத்தில் கைவைத்ததையும் அவர் கொடுமையாகக் கண்டார். அவற்றுள் மொழியையும் இசையையும் பற்றிய அவருடைய முறையீட்டில் நியாயம் உண்டு; அதே மூச்சில் இருக்கை வேறுபாட்டையும் பண்பாடாக எண்ணியதே வேதனைக்குரியது. 1829இல் சபைப்பணியை இழந்த அவரை ஆதரித்தவர், சுவார்ட்ஸின் மற்றொரு மாணவரான சரபோஜி மன்னர்.

1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு முற்றும் ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அது ஆலயங்களில் படிக்கப்பட்டபோது உயர்சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டு விலகினர். அவர்கள் காலிசெய்த பக்கத்துக்கு எதிரே, மறுபக்கத்தில் அமர்ந்திருந்தோர் இடம்பெயராமல் இருந்தனர். சுவார்ட்ஸ் ஐயரின் அன்றாட வாழ்வு அவர்களுக்கு எத்தகைய சாட்சியாக இருந்தது என்பதை அவர்கள் வாயால் கூறும் ஆவணம் ஒன்று கிடைக்குமானால், பளிங்குச் சிற்பத்தோடு அதையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கும்.